பழைய டிராக்டர் வாங்கும் முன்



போன வருடம் எங்கள் அப்பா ஒரு பழைய டிராக்டருக்கு விலை பேசினார். புதுப் பெயிண்ட், பளபளப்பு. "ஒரே கை வண்டிண்ணே, நேரா வயல்ல இறக்கலாம்" என்றார் தரகர். அம்மாவின் வளையலை அடகு வைத்துப் பத்தாயிரம் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான், "நீ இதைத்தானே படிக்கிறே? வந்து பாருடா" என்று என்னைக் கூப்பிட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். வகுப்பில் படித்ததையும் அன்று பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1. ஆறிய என்ஜின்: காலையில் சொல்லாமல் போய், முதலில் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்பே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் வெப்பத்தில்தான் டீசல் எரிகிறது. ரிங், லைனர் தேய்ந்தால் அழுத்தம் குறையும். ஆறிய என்ஜின் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும்.

2. புகை: நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. விடாமல் கறுப்புப் புகை வந்தால் ஏர் கிளீனர் அடைப்பு அல்லது இன்ஜெக்டர் கோளாறு இருக்கலாம். என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்குகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். பிரீதர் குழாயில் புகை குப்குப்பென்று வந்தால் ரிங் போய்விட்டது என்று பொருள்.

3. ஆயில், தண்ணீர்: ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் அந்த வண்டி வேண்டாம்.

4. கிளட்ச்: ஆளில்லாத வெட்டவெளியில் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, பெரிய கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் பிளேட் தேய்ந்திருக்கிறது.

5. ஹைட்ராலிக்: ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கிவிட்டு என்ஜினை நிறுத்துங்கள். கலப்பை கிடுகிடுவென்று இறங்கினால் உள்ளே கசிவு. அரை மணி நேரம் உழுது ஆயில் சூடான பின் மறுபடியும் பாருங்கள். அடியில் கால் வைக்காதீர்கள்.

6. மீட்டர்: மணிக்கணக்கு காட்டும் மீட்டரை மாற்றிவிடலாம். தேய்ந்த பெடலும் ஆடுகிற ஸ்டியரிங்கும் பொய் சொல்லாது.

7. காகிதம்: ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பரை வண்டியோடு ஒப்பிடுங்கள். கடன் பதிவு இருந்தால், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் பணம் கொடுக்கக் கூடாது.

நாங்கள் போனது காலை ஆறு மணிக்கு. அப்போதே என்ஜின் சூடாக இருந்தது. பிரீதரில் புகை. கலப்பை இரண்டு நிமிடத்தில் தரையைத் தொட்டது. வேண்டாம் என்றோம். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

வழியெல்லாம் அப்பா பேசவில்லை. வீட்டு வாசலில், "முதல்லயே உன்னைக் கூப்பிட்டிருக்கணும்" என்றார்.

நண்பர்களே, பார்த்த பிறகு அட்வான்ஸ். அட்வான்ஸ் கொடுத்த பிறகு பார்வை அல்ல. இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் யாராவது டிராக்டர் பார்க்கப் போனால் கூடவே போங்கள். நாம் படித்த படிப்பு முதலில் அங்கேதான் உதவ வேண்டும்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு