காற்றிலிருந்து தழைச்சத்து: மின்சாரம் உரமாகுமா?

இடியும் மின்னலுமாக மழை பெய்த சில நாட்களில் பயிர் பச்சை கட்டி நிற்பதை உழவர்கள் அறிவர். மின்னல் பாயும் பாதையில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து, மழைநீரில் கரைந்து, நைட்ரேட்டாக மண்ணில் இறங்குகின்றன. இது ஏக்கருக்கு ஆண்டுக்குச் சில கிலோவுக்கு மேல் வராது. பச்சைக்கு மழையே முக்கியக் காரணம். ஆனால் மின்னலின் இந்த வேலையைக் கருவியில் செய்யும் ஆராய்ச்சி இப்போது பல நாடுகளில் நடக்கிறது. "பிளாஸ்மா உரக் கருவி என்கிறார்களே, வாங்கலாமா?" என்று ஒரு விவசாயி அண்மையில் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

ஒரு ஏக்கர் நிலத்துக்கு மேலேயுள்ள காற்றில் ஏறத்தாழ 30,000 டன் நைட்ரஜன் இருக்கிறது. அதன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருப்பதால் பயிர் அதை எடுத்துக்கொள்ள இயலாது. அந்தக் கட்டை அவிழ்ப்பதற்கே இவ்வளவு செலவும். (உளுந்தின் வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிர் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.)

மின்சாரத்தால் கட்டை அவிழ்த்துக் காட்டியவர்கள் நார்வே நாட்டின் பிர்க்லாண்ட், ஐடே என்ற இருவர். பிர்க்லாண்ட் 1903-இல் மின்சாரப் பீரங்கி ஒன்றைச் சோதித்தபோது அது பழுதாகிப் பெரும் மின்பொறி எழுந்தது. அதிலிருந்தே வழி பிறந்தது. மின்பொறியைக் காந்தத்தால் வட்டத் தட்டுப்போல் விரித்து, சுமார் 3,000 டிகிரி வெப்பத்தில் அதனூடே காற்றைச் செலுத்தினார்கள். 1905-இல் நோட்டோடனில் ஆலை ஓடியது. கிடைத்த நைட்ரிக் அமிலத்தைச் சுண்ணாம்புக் கல்லுடன் சேர்த்துக் கால்சியம் நைட்ரேட் உரம் தயாரித்தனர். அருவி மின்சாரம் மலிவாகக் கிடைத்ததால் அங்கே கட்டுப்படியாயிற்று. 1 கிலோ தழைச்சத்துக்கு 50 முதல் 70 யூனிட் செலவாயிற்று!

இதற்கிடையில் ஜெர்மனியில் ஹேபர், போஷ் முறை வந்தது. 1913-இல் ஓப்பாவ் ஆலை தொடங்கியது. நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் 400 முதல் 500 டிகிரி வெப்பத்தில், பெரும் அழுத்தத்தில், இரும்பு வினையூக்கியின் மேல் செலுத்தி அம்மோனியா எடுப்பது இம்முறை. வினையூக்கி என்பது கமலையின் உருளை போன்றது. இழுக்கும் வேலையை எளிதாக்கும், தான் செலவாகாது. இன்றைய ஆலைகளில் 1 கிலோ தழைச்சத்துக்குச் சுமார் 10 யூனிட்டுக்கு ஈடான ஆற்றலே போதும். நார்வே முறை மறைந்தது. ஆனால் ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஆகவே எரிவாயு விலை ஏறினால் யூரியாவின் அடக்கவிலையும் ஏறும். கரியமில வாயுவும் ஏராளமாக வெளியேறும்.

ஆராய்ச்சியாளர்கள் இப்போது இரண்டு முறைகளையும் ஒன்றுசேர்க்கப் பார்க்கின்றனர். மின்சாரத்தால் துகள்கள் பிரிந்த வாயுவே பிளாஸ்மா. எரியும் டியூப்லைட்டின் உள்ளே இருப்பதும் அதுவே. அங்கே எலெக்ட்ரான்கள் பத்தாயிரம் டிகிரிக்கு மேல் சூடானவை. ஆயினும் குழாயைத் தொட்டால் கை சுடுவதில்லை. இத்தகைய "குளிர்ந்த" பிளாஸ்மா, வாயு முழுவதையும் சூடாக்காமல் நைட்ரஜனை மட்டும் உலுக்கி விடுகிறது. இளகிய நைட்ரஜனைப் பக்கத்திலுள்ள வினையூக்கி பிடித்து அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ மாற்றுகிறது. பெரும் அழுத்தம் தேவையில்லை. கருவி சிறியது, சூரிய மின்சாரம் உள்ளபோது ஓட்டி, இல்லாதபோது நிறுத்தலாம். ஹேபர் ஆலையை இப்படி நினைத்தபோதெல்லாம் நிறுத்தி ஓட்ட முடியாது.

தடை பழையதுதான்: மின்சாரம். பெரும்பாலான ஆய்வக முடிவுகள் இன்னும் ஹேபர் முறையைவிடப் பல மடங்கு மின்சாரம் தின்கின்றன. உண்டான அம்மோனியாவையே பிளாஸ்மா மறுபடி சிதைத்துவிடுவதும் உண்டு. அதற்கேற்ற வினையூக்கியைத் தேடுவதே இப்போதைய வேலை.

நார்வேயில் மாட்டுச் சாணக் கரைசலுக்குள் பிளாஸ்மா வாயுவைச் செலுத்திப் பார்த்துள்ளனர். கரைசலில் நைட்ரேட் சேர்வதோடு அது அமிலத்தன்மை அடைவதால், அம்மோனியா காற்றில் பறப்பதும் குறைகிறது. எனக்கு நம்பிக்கை தருவது இந்த வழிதான்.

கருவியோ "பிளாஸ்மா நீரோ" விற்க யாரேனும் வந்தால் இரண்டு கணக்குகள் கேளுங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதம், அதாவது 20.7 கிலோ. அவ்வளவு தழைச்சத்து எடுக்க எத்தனை யூனிட் ஆகும்? பழைய நார்வே கணக்கில் 1,000 முதல் 1,400 யூனிட். நீராக விற்றால், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் தழைச்சத்து? 100 மில்லிகிராம் என்றால் ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக 2 லட்சம் லிட்டருக்கு மேல் பாய்ச்ச வேண்டியிருக்கும்.