அட்டை யார் போட்டது?

அன்புள்ள கயல்,

"புத்தகத்தை அதன் அட்டையை வைத்து எடைபோடாதே" என்ற ஆங்கிலப் பழமொழியை வகுப்பில் நடத்தியபோது, "அப்படியென்றால் அட்டைக்கு ஏன் இவ்வளவு செலவு செய்கிறார்கள்?" என்று கேட்டாயாமே. உன் அம்மா சொன்னாள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு காலத்தில் அட்டை போடுவது பதிப்பாளர் வேலையாகவே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் புத்தகங்கள் பெரும்பாலும் வெறும் தாள்களாகவோ, காகிதம் ஒட்டிய தற்காலிக அட்டையுடனோ விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் பைண்டரிடம் கொடுத்து, கையிலிருக்கும் காசுக்கேற்பத் தோல் அட்டை போட்டுக்கொள்வார். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே துணியில் சட்டை தைத்ததுபோல, பிரசங்கமும் பயணக்கதையும் ஒரே தோலில் அலமாரியில் நிற்கும். பார்த்தால் சொந்தக்காரரின் வசதி தெரியும்; உள்ளே இருப்பது தெரியாது.

ஜார்ஜ் எலியட் 1860இல் வெளியிட்ட 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்' நாவலில் இதற்கு அருமையான காட்சி உண்டு. மாவுமில் முதலாளி டல்லிவர், ஓர் ஏலத்தில் ஒரே மாதிரி பைண்டு செய்த புத்தகங்களை வாங்கிவிடுகிறார். பைண்டிங் நன்றாக இருந்ததால் எல்லாமே நல்ல புத்தகங்கள் என்பது அவர் கணக்கு. அதிலொன்று டேனியல் டீஃபோ எழுதிய பிசாசின் வரலாறு! அவருடைய சிறு வயது மகள் மேகி அதைப் படித்துவிட்டு, சூனியக்காரியைத் தண்ணீரில் போட்ட படத்தை வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு விளக்குகிறாள். கேட்டுக்கொண்டிருந்த டல்லிவர் திகைத்துப்போகிறார். வெளித்தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது போலிருக்கிறது என்கிறார். மனிதர், பாவம்!

1820களில் லண்டன் பதிப்பாளர் வில்லியம் பிக்கரிங் துணி அட்டைக்கு மாறினார். பிறகு பதிப்பாளர்களே மொத்தமாக பைண்டு செய்து விற்பது வழக்கமானது. 1935இல் பெங்குவின் பதிப்பகத்தின் புத்தகங்கள் வந்தபோது அட்டையின் நிறமே வகையைச் சொன்னது: நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை.

ஆகவே, ஆட்களைப் பொறுத்தவரை இந்தப் பழமொழி இன்றும் சரி. புத்தகக் கடையில் அது பாதி காலாவதியாகிவிட்டது என்பேன். அட்டையைத் தாராளமாகப் பார். ஆனால் நாலு பக்கம் படித்த பிறகு காசை எடு.

நான் சொன்ன காட்சி அந்த நாவலின் முதல் பகுதியில், மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. விடுமுறையில் படி. மேகியை உனக்குப் பிடிக்கும்.

அன்புடன்,
மாமா