கடை ஊழியர்களின் உட்காரும் உரிமை

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை செய்பவர்கள் பணி நேரத்தில் உட்காரலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை சட்டப்படி உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டது. 2021-இல் சட்டமன்றம் அதைத் திருத்தி 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்படி ஒவ்வொரு கடையும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து தர வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம்.

இதற்கு முன்னோடி கேரளம். கோழிக்கோட்டில் பி. விஜி முன்னெடுத்த ‘பெண்கூட்டு’ அமைப்பு, கடைகளில் கழிப்பறைக்காகவும் இருக்கைக்காகவும் போராடியது. திருச்சூர் ஜவுளிக்கடைப் பெண்கள் நடத்திய ‘இரிக்கல் சமரம்’ என்ற உட்காரும் போராட்டம் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. அதன் பயனாக 2018-இல் கேரளத்தின் கடைகள் சட்டம் திருத்தப்பட்டது.

நாள் முழுவதும் நின்றால் கால் வீக்கம், முதுகுவலி, ‘வெரிகோஸ் வெயின்’ எனப்படும் சுருள் சிரை நோய் ஆகியவை வரக்கூடும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் ஊழியரை நிறுத்தி வைப்பதால் வியாபாரம் கூடுவதில்லை, உடல்தான் கெடுகிறது.

இருக்கை தராத கடை பற்றித் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் தரலாம். தனியாகப் புகார் தருபவர் வேலை இழக்க அஞ்சுவது இயல்பு. சங்கமாகச் சேர்ந்து தரும்போது அந்த அச்சம் குறையும். சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு உறுதி செய்கிறது.