உணவோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள்: புதிய டாக்டர்களுக்குச் சில அறிவுரைகள்

புறநோயாளர் அறையில் புதிதாக உட்காரப்போகும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். மனநலப் பிரிவுக்குப் போகிறவர்கள் மட்டும் படித்தால் போதாது. இந்தப் பிள்ளைகள் முதலில் வருவது பொது மருத்துவரிடமும் பல் டாக்டரிடமும் மகப்பேறு டாக்டரிடமும்தான்.

1. "எனக்கு உணவுக் கோளாறு" என்று சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். வயிறு உப்புசம், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, தீட்டு நின்று மாதக்கணக்காகிறது, பள்ளிப் பிரேயரில் மயங்கி விழுந்தாள் என்றுதான் வருவார்கள். அம்மாவின் கையில் ஒரு பை நிறைய ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் இருக்கும். காசநோய், தைராய்டு, சர்க்கரை, குடல் நோய் எதையும் விடாமல் பாருங்கள். ஆனால் எல்லாம் நார்மல் என்றதும் டானிக் எழுதி அனுப்பிவிடாதீர்கள். பட்டினியால் வற்றிய உடம்பிலும் ரத்தப் பரிசோதனை பல சமயம் நார்மலாகவே வரும்.

2. "குண்டாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது" என்று அவள் சொன்னால்தான் அனோரெக்சியா என்று நினைக்க வேண்டாம். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ 1993இல் 70 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தப் பயமே இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, பசிக்கவில்லை என்பதே அவர்கள் பேச்சு. நம் ஊர்ப் பெண்கள் பலரும் இப்படித்தான் பேசுவார்கள். 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 வரையறை, எடை ஏறவிடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்தாலே போதும் என்கிறது. தீட்டு நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் அது எடுத்துவிட்டது.

3. அம்மாவைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். 1999இல் லண்டனில் உருவான ஸ்காஃப் கேள்விகள் ஐந்து. வயிறு நிறைந்தது பொறுக்காமல் நீயாக வாந்தி எடுப்பதுண்டா? சாப்பிட ஆரம்பித்தால் கை நிற்கவில்லையே என்ற கவலை உண்டா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் இறங்கியதா? மற்றவர்கள் ஒல்லி என்றாலும் உனக்குக் குண்டாகத் தெரிகிறதா? சாப்பாட்டு நினைப்பே நாள் முழுக்க ஆட்டிவைக்கிறதா? இரண்டுக்கு ஆம் என்றால் நிதானமாக உட்கார்ந்து விசாரியுங்கள். நான் ஆறாவதாக விரதத்தைப் பற்றிக் கேட்பேன். விரதம் நோயல்ல. வெள்ளியோடு நின்றது செவ்வாய்க்கும் சஷ்டிக்கும் பரவி, பாரணை நாளிலும் கை தட்டுக்குப் போகவில்லை என்றால் அங்கே சாமி இல்லை, நோய்தான் இருக்கிறது.

4. வீட்டுக்கெல்லாம் சமைத்துப் பரிமாறுவாள், சமையல் வீடியோவாகப் பார்ப்பாள், தான் மட்டும் சாப்பிடமாட்டாள். "இவ்வளவு ஆசை இருக்கிறவளுக்கு என்ன நோய்?" என்று பெற்றோர் கேட்பார்கள். 1944-45இல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ், நல்ல உடல்நிலையில் இருந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், குளிரில் நடுங்கினார்கள். பட்டினியே மனத்தை அப்படித் திருப்பிவிடுகிறது. பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள். "திமிர்" என்ற பேச்சு பாதி அடங்கும்.

5. புலிமியாக்காரர்களைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். விரல் முட்டியில் காய்ப்பு இருக்கிறதா, முன்பற்களின் உட்புறம் தேய்ந்திருக்கிறதா, பொன்னுக்கு வீங்கிபோலக் கன்னத்தடி இருபுறமும் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காய்ப்புக்கு, 1979இல் புலிமியா நெர்வோசாவை விவரித்த ஜெரால்டு ரஸ்ஸலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கக் கூடாது, தண்ணீரில் கொப்பளித்தால் போதும் என்று சொல்லி வையுங்கள். பொட்டாசியம் பார்க்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பேதி மாத்திரை எத்தனை போடுகிறாள் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

6. பையன்களை மறந்துவிடாதீர்கள். ஜிம், புரோட்டீன் பவுடர், வெறும் முட்டை வெள்ளைக்கரு என்று வாழ்பவனிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். சிறு வயதிலேயே சர்க்கரை வந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளில் சிலர் எடை குறைவதற்காக ஊசியைத் தவிர்ப்பார்கள்.

7. நாடித்துடிப்பு வளரிளம் பிள்ளைக்குப் பகலில் 50க்குக் கீழே, பெரியவர்களுக்கு 40க்குக் கீழே இருந்தால் அன்றே படுக்கை கொடுங்கள். எழுந்து நின்றால் தலைசுற்றி விழுவது, ஈசிஜியில் கோளாறு, பொட்டாசியம் இறங்கியிருப்பது, சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவையும் அப்படியே. மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில் அனோரெக்சியா ஒன்று. அந்தச் சாவுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தற்கொலை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படாதீர்கள். வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும்.

8. இதைக் கவனமாகப் படியுங்கள். வாடி வதங்கிய பிள்ளையைக் கொண்டுவந்ததும் உறவினர்கள் முதலில் கேட்பது "ஒரு குளூக்கோஸ் பாட்டில் போடுங்க டாக்டர்" என்பதுதான். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் செல்களுக்குள் ஓடிவிடும். இதயம் தாளம் தப்பும், மூச்சுத் தசைகள் தளரும். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று நீங்கள் படித்தது இதுதான். சாப்பாடு தொடங்குவதற்கு முன்பே தயமின் கொடுங்கள். முதல் வாரம் இந்த மூன்று உப்புகளையும் நாள்தோறும் பாருங்கள், குறைந்தால் உடனே ஈடுகட்டுங்கள். சாப்பாட்டைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அதற்காகப் பயந்து நாட்கணக்கில் கஞ்சித் தண்ணியிலேயே நிறுத்திவைப்பதும் தவறு.

9. அனோரெக்சியாவில் எடையை மீட்டுத் தரும் மாத்திரை கிடையாது, சாப்பாடுதான் மருந்து. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் குடும்பத்தோடு சேர்த்துச் செய்யும் சிகிச்சையை முதலில் முயலுங்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் வளர்ந்த முறை அது. சில காலம் எதை, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பெற்றோர் முடிவு செய்வார்கள், உடன் உட்கார்ந்து சாப்பிட வைப்பார்கள், எடை தேறத் தேற பொறுப்பைப் பிள்ளையிடமே திருப்பித் தருவார்கள். தாத்தா பாட்டி கூடவே இருக்கும் நம் வீடுகளுக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அவளிடம் இந்த வேலையை வாங்க முடியாது. புலிமியாவுக்கு ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இருக்கிறது, சுமார் 20 அமர்வுகள். மருந்தில் ஃப்ளுவாக்ஸெட்டின் 60 மில்லிகிராம் வரை உதவும். புப்ரோபியான் மட்டும் கூடவே கூடாது, வலிப்பு வரும்.

10. பசியில்லாமலே, தனியாக, மளமளவென்று தின்றுவிட்டுத் தன்னையே வெறுத்துக்கொள்வதும் இப்போது தனி நோய்தான், டி.எஸ்.எம்-5 அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இவர்களிடம் முதல் நாளே டயட் சார்ட்டை நீட்டாதீர்கள். பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டால் ராத்திரி அதே கூத்துதான் நடக்கும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறுதீனி, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். எடையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

11. "நல்லா இளைச்சுட்டியே, அழகா இருக்கே" என்பதும் வேண்டாம், தேறி வரும்போது "இப்பதான் கன்னம் வெச்சிருக்கு" என்பதும் வேண்டாம். இரண்டாவது இன்னும் மோசம். அதைக் கேட்ட அன்றே சாப்பாட்டை நிறுத்தும் பிள்ளைகள் உண்டு. கல்யாண வீட்டுச் சொந்தங்களை நாம் கட்டுப்படுத்த முடியாது, வார்டில் இருப்பவர்களைக் கட்டுப்படுத்தலாம்.

12. எடை பார்க்கும்போது ஒரே இயந்திரம், சிறுநீர் கழித்த பிறகு, லேசான உடை. தண்ணீரைக் குடித்துவிட்டு ஏறுவார்கள், பாவாடை நாடாவில் கனத்தை முடிந்துகொண்டும் ஏறுவார்கள். கண்டுபிடித்தால் திட்டாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எழுதிக் கொடுங்கள், தமிழில் பேசலாம். கடைசியாக, உங்கள் அறையில் உயரம் அளக்கும் கோல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வளரும் பிள்ளையின் எடை குறைவா என்று உயரம் தெரியாமல் சொல்ல முடியாது. இல்லையென்றால் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.