ரூம் ஹீட்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழத் தொடங்கினால், வயதானவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் ரூம் ஹீட்டர் இல்லாமல் முடியாது. கடையில் ராட் ஹீட்டர், ப்ளோவர், ஆயில் ஹீட்டர் என்று காட்டி, விலை கூடியதைக் "கரண்ட் கம்மியாகத்தான் இழுக்கும்" என்பார்கள். அதை நம்பி வாங்காதீர்கள்.

1000 வாட் இழுக்கும் ஹீட்டர் எந்த வகையானாலும் 1000 வாட் வெப்பத்தையே தரும். ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதிலிருந்து கிடைப்பது சுமார் 860 கிலோ கலோரி. மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது, வீணாகப் போக வேறு வழியே இல்லை. அந்த வெப்பம் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் வகைக்கு வகை வித்தியாசம்.

குவார்ட்ஸ், ஹாலஜன் ராட் ஹீட்டர்கள் பெரும்பாலும் 400, 800 வாட். எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் நேராகச் சூடு படும். அறைக் காற்று அவ்வளவாகச் சூடாகாது. மேசையில் படிக்கும் ஒருவருக்கு இதுவே போதும், செலவும் குறைவு. கம்பளிக்கும் திரைச்சீலைக்கும் பக்கத்தில் மட்டும் வைக்கக் கூடாது. 2000 வாட் வரை போகும் ப்ளோவர் சின்ன அறையைச் சட்டென்று சூடாக்கும். ஆனால் சத்தம் போடும், நிறுத்திய கொஞ்ச நேரத்தில் குளிர் திரும்பிவிடும்.

ராத்திரி முழுக்கத் தூங்கும் அறைக்கு நான் சொல்வது ஆயில் ஹீட்டர். சூடாக அரை மணி நேரம் பிடிக்கும். அணைத்த பிறகும் கதகதப்பு நிற்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, ஊற்றி நிரப்பவும் வேண்டாம். "இது ஆக்சிஜனை எரிக்காது" என்று இதற்கு மட்டும் தனிப்பெருமை சொல்வார்கள். எந்த மின் ஹீட்டரும் ஆக்சிஜனை எரிப்பதில்லை. உண்மையில் மிச்சம் பிடித்துத் தருவது தெர்மோஸ்டாட். அறை சூடானதும் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். அது ப்ளோவரில் இருந்தாலும் அதே மிச்சம்தான்.

2000 வாட் ஹீட்டர் இடைவிடாமல் தினம் 4 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 480 யூனிட் கூடும். 800 வாட் என்றால் 192. நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஹீட்டரின் யூனிட்கள் மேல்படியில் போய் உட்காரும். கதவிடுக்கையும் ஜன்னல் சந்தையும் அடைத்தாலே ஓடும் நேரம் குறையும். பில்லுக்குப் பயந்து மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

போட்ட கரண்டுக்கு மேல் வெப்பம் தருவது ஒன்றே ஒன்று: 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏசி. வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இறைப்பதால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குக்கூடக் கிடைக்கும். உறைபனி நேரத்தில் அது குறையும். வாங்கும் விலை அதிகம்தான். குளிர்காலம் முழுக்கத் தினமும் ஓட்டுபவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

வோல்டேஜையும் கவனியுங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர், 200 வோல்ட்டில் சுமார் 1500 வாட்தான் தரும். அறை சூடாகவில்லை என்றால் ஹீட்டரைக் குறை சொல்லுமுன் மின் அழுத்தத்தைப் பாருங்கள். 2000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் வரை இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகாமல், 16 ஆம்பியர் பவர் பிளக்கிலேயே போடுங்கள்.