மழை மாறியது யாரால்?

இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூடும் கூட்டங்களில், சங்கக் கணக்கு வாசித்து முடிந்ததும் பேச்சு எப்படியும் மழையில் வந்து நிற்கும். விதைத்த பின் மழை இல்லை. கதிர் முற்றும் வேளையில் வெள்ளம். ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். நாம் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் காதில் விழுந்தவற்றைக் கொண்டே இம்முறைப் பாடத்தை அமைக்கின்றோம்.

வயதான ஐயா ஒருவர் தொடங்கினார். "புயல் என்ன புதினமோ தம்பி? அறுபத்துநாலிலையும் வந்தது, எழுபத்தெட்டிலையும் வந்தது. அப்ப இஞ்சை ஆர் கார் ஓடினது?" பக்கத்தில் இருந்த அம்மா, "எல்லாம் மனிசர் செய்த பாவம்" என்றார். இளைஞர் ஒருவருக்குக் கோபம் வந்தது. "வெளிநாட்டுக்காரன் புகைச்சதுக்கு நாங்கள் வயலை இழக்கிறம், பாவம் எங்களுக்கோ?" கூட்டத்துக்கு வந்திருந்த உத்தியோகத்தர் ஒருவர் அமைதியாகச் சொன்னார்: "இது காலநிலை மாற்றம். இதுக்கு ஒருவரும் ஒண்டும் செய்ய ஏலாது." அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு சகோதரி கேட்டார்: "அப்ப எங்கடை குளக்கட்டு உடைஞ்சதும் காலநிலையோ ஐயா?"

அவருக்கு அன்று பதில் கிடைக்கவில்லை. இந்தப் பாடம் அவருடைய கேள்விக்காகவே எழுதப்படுகிறது. ஆனால் அதற்கு வருமுன் ஐயாவின் கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐயா சொன்னது பொய்யல்ல

1964 மார்கழிப் புயல் வடக்கைத் தாக்கி, கடலுக்கு அப்பால் தனுஷ்கோடியை அழித்தது. 1978 கார்த்திகையில் மட்டக்களப்பைப் புயல் உருக்குலைத்தது. புயலை மனிதர் உண்டாக்கவில்லை. ஆனால் முன்பும் புயல் வந்தது என்பதால் இன்றைய மாற்றத்தில் மனிதருக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது. மின்னல் விழுந்தும் காடு எரியும், ஆள் நெருப்பு வைத்தும் எரியும். எதனால் எரிந்தது என்பதைத் தடயம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தடயம் இருக்கிறது. முதலில் இது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். தை மாதத்தில் வானம் வெளித்த இரவில் பனி கொட்டி உடல் நடுங்கும். மேகம் மூடிய இரவில் புழுங்கும். பகலில் நிலம் வாங்கிய வெப்பம் மேலே போய்விடாமல் மேகம் மறிப்பதே காரணம். காற்றில் உள்ள காபனீரொட்சைட்டு வாயுவும் கண்ணுக்குத் தெரியாமல் இதே வேலையைச் செய்கிறது. இதை 1896 ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியஸ் கணக்கிட்டுக் காட்டினார். நேற்றைக்கு யாரோ கிளப்பிவிட்ட கதை அல்ல இது.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் இந்த வாயுவை அளந்து வருகின்றனர். அப்போது பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. யந்திரத் தொழில்கள் பெருகுமுன் அது 280 பங்கு அளவில் இருந்ததைப் பனிப்பாறைகளுக்குள் அகப்பட்ட பழைய காற்றுக் குமிழிகள் காட்டுகின்றன. கூடிய வாயு எங்கிருந்து வந்தது? நிலக்கரியும் எண்ணெயும் பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தவை. அவற்றின் காபன், உயிருள்ள மரத்தின் காபனிலிருந்து வேறுபட்டது. வீட்டு விதைநெல்லையும் கடை நெல்லையும் கை பார்த்துப் பிரிப்பதுபோல ஆய்வுகூடத்தில் பிரித்தறியலாம். காற்றில் கூடிக்கொண்டே வருவது இந்த நிலத்தடிக் காபன்தான்.

சூரியனே சூடாகிவிட்டதோ என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 1978 முதல் செய்மதிகள் சூரியனை அளக்கின்றன. அதன் வெப்பம் கூடிக்கொண்டு போகவில்லை. சூரியன் காரணமானால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். அது குளிர்ந்திருக்கிறது, கீழடுக்குத்தான் சூடாகியிருக்கிறது. வெப்பம் கீழேயே மறிபடுகிறது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

1850 தொடக்கம் 1900 வரையிருந்த நிலையோடு ஒப்பிட்டால், 2011 தொடக்கம் 2020 வரையான பத்தாண்டில் பூமி ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக இருந்தது. ஒரு பாகை என்ன பெரிய காரியம் என்று நினைக்கலாம். ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே பழைய புயல் புதிய காற்றில் வந்தால் கூடுதலாகக் கொட்டும். மழை பொய்த்த காலத்திலோ, அதே சூட்டுக் காற்று குளத்தையும் மண்ணையும் விரைவாக உறிஞ்சும். 2016 காலபோக மழை பொய்த்து, 2017 இல் நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி வந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டையும் தாழ்நிலத்தையும் ஒருசேர அழித்ததையும் நாம் அனுபவத்தில் அறிவோம்.

பின் ஏன் கருத்து வேறுபாடு?

விஞ்ஞானிகள் மத்தியில் இதுபற்றிப் பெரிய பிணக்கு இன்று இல்லை. ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றக் குழு 1995 இல் "மனிதரின் கை தெரிகிறது" என்ற அளவில் தயங்கித்தான் சொன்னது. 2021 இல் அந்தத் தயக்கம் இல்லை. ஐயத்துக்கு இடமின்றி மனிதரே காரணம் என்று எழுதியது. ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்களைக் கேட்டால், பத்தில் ஏறத்தாழ ஆறு பேரே மனிதர் காரணம் என்கின்றனர். எஞ்சியோரை அறிவில்லாதவர்கள் என்று தள்ளிவிடக் கூடாது. நிலக்கரிச் சுரங்கத்தால் பிழைக்கும் ஊரில் அந்தச் சொல் தொழிலைப் பறிக்கும் சொல்லாகக் கேட்கிறது. இதைவிட, வேண்டுமென்றே ஐயத்தை வளர்த்தவர்களும் உண்டு. எக்சன் எண்ணெய்க் கம்பனியின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் பிற்பகுதியிலேயே நிர்வாகத்துக்கு இதை எடுத்துச் சொல்லியிருந்தனர். கம்பனி பின்னர் பல ஆண்டுகள், எதுவும் நிச்சயமில்லை என்று வெளியே பேசியது. கமக்காரர் பாசையில் சொன்னால், கள்ள விதை என்று தெரிந்தே விற்பது.

எந்த மனிதர்?

இளைஞரின் கோபத்தில் நியாயம் உண்டு. மனிதர் காரணம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் ஒரு சூழ்ச்சி மறைந்திருக்கிறது. இதுவரை நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளிவந்த காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஐக்கிய அமெரிக்கா ஒன்றினுடையது. இன்று ஆண்டுதோறும் அதிகம் வெளிவிடுவது சீனா. இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. இந்த வேறுபாட்டை உலக நாடுகள் 1992 இலேயே உடன்படிக்கையில் எழுதி ஏற்றுக்கொண்டன. பாதிக்கப்பட்ட நாடுகளுக்கான இழப்பு நிதி 2022 இல் எகிப்து மாநாட்டில்தான் இணங்கப்பட்டது. அதில் சேர்ந்த பணம் இழப்போடு பார்க்கச் சொற்பம். அம்மா சொன்னதுபோல இதைப் பாவத்தின் தண்டனை என்று கொண்டால், புகைத்தவர் ஓரிடத்தில் இருக்கத் தண்டனை வேறிடத்தில் விழுகிறது. தறப்பாளின் கீழ் இருக்கும் தாய், தன் பாவமே தன் வயலை மூழ்கடித்தது என்று தன்னை வருத்திக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

ஒரு சிறு கணக்கு நமக்கும் உண்டு. இடைவிடாமல் நீர் கட்டிய நெல்வயலின் சேற்றிலிருந்து மெதேன் என்ற வாயு வெளிவருகிறது. அதுவும் வெப்பத்தை மறிக்கும். நீரை வற்றவிட்டு மீண்டும் பாய்ச்சினால் அது வெகுவாகக் குறையும், தண்ணீரும் மிஞ்சும். ஆனால் வற்றவிட்டால் புல் கிளம்பும் என்பது கமக்காரருக்குத் தெரியும். களை பிடுங்கும் கூலியை யார் தருவது என்று கேட்காமல் இந்தப் புத்திமதியைச் சொல்வது சரியல்ல.

குளக்கட்டின் கதை

இனிச் சகோதரியின் கேள்வி. நாம் ஊரில் இல்லாத ஆண்டுகளில் கட்டுகளில் மரம் முளைத்தது, கறையான் புற்றும் எலி வளையும் பெருகின, வாய்க்கால்கள் தூர்ந்தன. அப்படியான கட்டு நடுத்தர மழைக்கும் உடையும். அதை உடைத்தது முழுக்கக் காலநிலை அல்ல. யாழ்ப்பாணத்தில் கிணறு உவர்ப்பதிலும், மழை குறைவதைவிட அளவுக்கு மிஞ்சி இயந்திரத்தால் இறைப்பதற்குப் பெரும் பங்குண்டு.

2018 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது இதே தர்க்கம் எழுந்தது. மழை அளவுகடந்து பெய்தது என்றது ஒரு தரப்பு. இரணைமடுவின் வான்கதவுகளைக் காலத்தோடு திறக்கவில்லை என்றது மறுதரப்பு. விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. மழை கூடியதும் உண்மையாகலாம், கதவு பிந்தியதும் உண்மையாகலாம். மழை இனிக் கூடும் என்று தெரிந்துவிட்டால், கதவுக்கும் கட்டுக்கும் பொறுப்பானவரின் கடமை கூடுமேயன்றிக் குறையாது. ஒருவரும் ஒன்றும் செய்ய ஏலாது என்ற பேச்சு, ஐயாவின் பேச்சைவிட எமக்குப் பெரிய கேடு என்பது எமது எண்ணம். ஐயா மழையைத்தான் பிழையாக விளங்கினார். மற்றவர் நட்டஈட்டுக் கடிதத்தையே மூடி வைத்துவிட்டார்.

சங்கத்தில் செய்து பார்க்க

ஒரு கொப்பியில் கடந்த மூன்று காலபோகங்களில் உங்கள் ஊர் இழந்தவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, மழையால் எவ்வளவு, கட்டால் எவ்வளவு, பிந்திய அறிவித்தலால் எவ்வளவு என்று பேசிப் பிரித்துப் பாருங்கள். சண்டை வரும், வரட்டும். கட்டுக்கும் அறிவித்தலுக்கும் உரியவற்றைக் கமக்காரர் அமைப்பின் கடிதமாகக் கமநல சேவை நிலையத்துக்குக் கொடுத்து, திகதியிட்ட பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழையையும் நாமே அளக்கலாம். தட்டையான அடியும் நேரான பக்கமும் உள்ள வெற்றுப் பால்மாப் பேணி ஒன்று போதும். தெறிக்கும் நீர் விழாதபடி நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் கட்டி, தினமும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து எழுதிவிட்டு நீரை ஊற்றிவிடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம். பேணியை மரத்தின் கீழோ கூரை ஓரத்திலோ வைக்க வேண்டாம்.