காய்ச்சல் வந்தா பேர் போடுவாங்களா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

2021இன் நடுப்பகுதி. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு. கொழுந்துக்குப் போகும் பெண்கள் கூடையும் படங்குமாகப் பனியில் நிற்கிறார்கள். கொரோனா ஊசி போட ஆட்கள் வரப்போகிறார்கள் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். "யாரும் பயப்படத் தேவையில்ல. ஊசி ஒண்ணும் செய்யாது" என்றும் சேர்த்துக்கொண்டார். கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் அக்கா குரல் கொடுத்தார்: "ஒண்ணும் செய்யாதுன்னா, பக்கத்து டிவிசன்ல முந்தாநேத்து ஊசி போட்டவங்க பாதிப்பேர் நேத்து ஏன் வேலைக்கு வரல?"

யாரும் பதில் சொல்லவில்லை. சிலர் சிரித்தார்கள், பெரட்டு கலைந்தது.

ஊசிக்குப் பயந்தால் 'தோட்டத்து ஆட்களின் அறியாமை' என்று சொல்லிவிடுவது நகரத்தில் ஒரு பழக்கம். ஆனால் 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவை விரட்டும் என்று சொல்லப்பட்ட 'பாணி' மருந்தை வாங்க ஆயிரக்கணக்கில் முண்டியடித்தவர்கள் தோட்டத்து லயங்களிலிருந்து மட்டும் போனவர்கள் அல்லர். அப்போதைய சுகாதார அமைச்சரே அந்தப் பாணியைக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கும் கொரோனா வந்தது. வதந்திக்கு மேடு பள்ளம் கிடையாது. மலையகத்தில் அதற்கென்று சில வேர்கள் மட்டும் கூடுதலாக இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: "ஊசி ஒன்றும் செய்யாது."

முதல் தப்பான நம்பிக்கை ஊசி போட வருகிறவர்களின் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊசி செய்யும். போட்ட கை கனக்கும். அன்று இரவோ மறுநாளோ காய்ச்சல், உடம்பு வலி, தலையிடி, அசதி வரலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். உடம்பு புதிதாக ஒன்றைக் கண்டுகொண்டு அதை எதிர்க்கப் பழகுகிறது. அந்தப் பழக்கத்தின் சூடுதான் காய்ச்சல். சிலருக்கு ஒன்றுமே வராது. அவர்களுக்கு ஊசி வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை.

கைக்குழந்தைகளுக்கும் இதே கதைதான். இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் தொடையில் ஊசி போட்டால் அந்த இடம் சிவந்து வீங்கலாம், பிள்ளை இரவெல்லாம் சிணுங்கலாம். பிறந்தவுடன் இடது கையில் போடும் பி.சி.ஜி. ஊசி இன்னும் விநோதமானது. சில வாரங்கள் சும்மா இருந்துவிட்டு, பிறகு சிறு கொப்புளமாகிச் சீழ் வைத்து, தானே காய்ந்து தழும்பாகும். முதல் பிள்ளை பெற்ற தாய்க்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், 'ஊசி கெட்டுப்போச்சு' என்று பதறத்தான் செய்வாள். சொல்லியிருந்தால் அந்தத் தழும்பு வருகிறதா என்று அவளே பார்த்துக்கொண்டிருப்பாள். எண்ணெயோ மஞ்சளோ பூசாமல் விட்டாலே போதும்.

'ஒன்றும் செய்யாது' என்று கேட்டுப் போனவருக்கு இரவு காய்ச்சல் அடித்தால், மறுநாள் அவர் சந்தேகப்படுவது ஊசியை மட்டுமல்ல, சொன்னவரையும்தான். அதற்குப் பிறகு அவர் சொல்லும் உண்மையும் எடுபடாது.

நம்பிக்கை: "ஊசி போட்டால் பிள்ளை பெற முடியாமல் போய்விடும்."

கொரோனா ஊசிக்கும் இதைச் சொன்னார்கள். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் போடும் ஊசிக்கும் சொல்கிறார்கள். மலையகத்தில் இந்தப் பயம் வெறும் வட்ஸ்அப் சரக்கு என்று தள்ளிவிட முடியாது.

இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரை மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 1980களில் கருத்தடை சத்திரசிகிச்சை செய்துகொண்டால் அரசு பணம் கொடுத்தது. அன்றாடங்காய்ச்சிக்கு அது சிறிய தொகையல்ல. தோட்டப் பெண்களிடம் நிரந்தரக் கருத்தடை விகிதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட உயர்ந்திருந்ததை அரசின் கணக்கெடுப்புகளே காட்டின. அந்தக் கருத்தடையைக் குறிக்கும் 'எல்.ஆர்.டி.' என்ற மூன்றெழுத்தை விளக்கம் இல்லாமலே தெரிந்துவைத்திருக்கும் பாட்டிமார் இன்றும் லயங்களில் இருக்கிறார்கள். லொறியில் ஏற்றிப் போனதையும், கையில் காசு கொடுத்ததையும், என்ன செய்தார்கள் என்று தமிழில் ஒழுங்காகச் சொல்லாததையும் அவர்கள் சொல்லக் கேட்கலாம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது.

அந்த நினைவு உண்மை. அதைத் தடுப்பூசியில் கொண்டுபோய் ஒட்டுவதுதான் பிழை. கருத்தடை சத்திரசிகிச்சையில் கருக்குழாயைக் கட்டுகிறார்கள். தடுப்பூசி போகும் இடம் கைத் தசை. அங்கிருந்து கருப்பைக்கு எதுவும் செய்ய அதற்கு வழியில்லை. கொரோனா ஊசிக்குப் பிறகு மாதவிடாய் தள்ளிப்போனதாகப் பல பெண்கள் சொன்னார்கள். அதையும் முதலில் 'மனப்பிரமை' என்றார்கள். ஆராய்ந்தபோது அவர்கள் சொன்னது சரி என்று தெரிந்தது: 2022 தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளியான ஆய்வின்படி சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீண்டது; பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. கருத்தரிப்பதில் குறை எதுவும் காணப்படவில்லை.

ஆறாம் வகுப்பு ஊசி எச்.பி.வி. வைரஸுக்கு எதிரானது. இலங்கையில் 2017இலிருந்து போடுகிறார்கள்: ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள். அது காப்பது கருப்பைக் கழுத்தை, புற்றுநோயிலிருந்து. ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் இதைப் போட்டுக்கொண்ட பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட பரவும் நிலையிலான கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். கருப்பையைக் கெடுக்கும் என்று பயந்து நாம் மறுக்கும் ஊசி, கருப்பையைக் காக்க வந்தது.

மலட்டுப் பயம் நம்முடையது மட்டுமல்ல என்பதையும் நினைவில் வைப்போம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் 'மலட்டு மாத்திரை' கலந்தார்கள் என்று கிளம்பிய பேச்சு கலவரத்தில் முடிந்தது. அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது கிடைத்தது மாவுக்கட்டி.

நம்பிக்கை: "இரத்தம் கட்டிச் செத்தவர்களை மறைத்துவிட்டார்கள்."

மறைக்கவில்லை, பாராளுமன்றத்திலேயே சொன்னார்கள். இந்தியாவிலிருந்து வந்த கொவிஷீல்ட் ஊசியை 2021 ஜனவரி 29இல் போடத் தொடங்கினார்கள். ஏப்ரல் 21இல் சுகாதார அமைச்சர் சபையில் அறிவித்தார்: ஊசி போட்டவர்களில் 6 பேருக்கு இரத்தக் கட்டி, அவர்களில் 3 பேர் இறந்துவிட்டார்கள். அதுவரை அந்த ஊசியை ஏற்றிக்கொண்டவர்கள் சுமார் 9 லட்சத்து 25 ஆயிரம் பேர்.

அந்த ஊசியால் மிக அரிதாக இரத்தம் கட்டலாம் என்பது உண்மை. உலகம் முழுவதும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மூன்று உயிரும் உயிர்தான், கணக்குக் காட்டி அதைச் சிறிதாக்கக் கூடாது. ஆனால் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் இலங்கையில் கொரோனாவால் ஒரே நாளில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதில் நாம் கொண்டுபோக வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. எந்த ஊசிக்குப் பிறகும் விடாத கடும் தலையிடி, நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், கால் வீக்கம் வந்தால் வீட்டில் படுத்துக்கொண்டு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். டிஸ்பென்சரியோடு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், எந்த ஊசி, எந்தத் திகதி என்று அட்டையைக் காட்டிச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: "பச்சைப் பிள்ளைக்கு ஒரே ஊசியில் ஐந்து மருந்து. தாங்காது."

தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, ஈரலழற்சி பி, ஹிப் கிருமி என்ற ஐந்துக்குமான கூட்டூசி 2008 ஜனவரியில் இலங்கைக்கு வந்தது. மூன்று மாதத்துக்குள் நான்கு குழந்தைகளின் மரணம் பதிவானது. வேறு சில குழந்தைகள் ஊசிக்குப் பின் சிறிது நேரம் துவண்டுபோனதாகவும் முறைப்பாடுகள் வந்தன. அந்தத் தொகுதி ஊசியை நிறுத்தினார்கள். 2009 ஏப்ரலில் அடுத்த தொகுதியிலும் ஒரு மரணம் பதிவானபோது, கூட்டூசியையே நிறுத்திவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பினார்கள். வெளியாரான நிபுணர்கள் ஒவ்வொரு மரணத்தையும் ஆராய்ந்த பிறகே 2010இல் மீண்டும் தொடங்கினார்கள்.

பிள்ளைகள் இறப்பதற்கு மிகவும் வாய்ப்புள்ள முதல் மாதங்களில்தான் ஊசிகளும் நெருக்கமாக விழுகின்றன. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம், காகமே தள்ளியதாகவும் இருக்கலாம். எது என்று ஆராய்ந்தால்தான் தெரியும். ஆராய்ந்தார்கள், ஆராயும்வரை நிறுத்தியும் வைத்தார்கள். பயப்பட வேண்டிய நாடு, இறந்த பிள்ளையை எண்ணாத நாடு. ஆகவே பிள்ளைக்கு ஏதாவது ஆனால் மிட்வைப் மிஸ்ஸிடமோ பி.எச்.ஐ.யிடமோ சொல்லுங்கள், சொன்னால்தான் கணக்கில் ஏறும்.

நம்பிக்கை: "பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டதும் பிள்ளைகள் வரிசையாக மயங்கி விழுந்தார்கள்."

மயக்கம் பொய்யல்ல. காலைச் சாப்பாடு இல்லாமல் மலை ஏறி வந்த பிள்ளை, ஊசியைப் பார்த்த பயத்தில் இரத்த அழுத்தம் இறங்கி விழும். அதைப் பார்த்து அடுத்த பிள்ளை விழும். 2014இல் கொலம்பியாவில் எல் கார்மென் என்ற ஊரில் இப்படி நூற்றுக்கணக்கான மாணவிகள் நோய்ப்பட்டார்கள். காரணம் ஊசி மருந்தல்ல என்று அரச ஆய்வு சொன்னது. ஆனாலும் வீடியோ அதற்கு முன்னே ஓடிவிட்டது. அந்த நாட்டில் எச்.பி.வி. ஊசி போடுகிறவர்களின் தொகை பாதாளத்துக்குப் போனது. சாப்பிட வைத்து அனுப்புங்கள். உட்கார வைத்து, ஒவ்வொருவராக, மறைவில் போடச் சொல்லுங்கள்.

ஊசி போட்டு இருபது நிமிடமாவது அங்கேயே இருக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக. பத்து லட்சத்தில் ஒருவர் அளவுக்கு, மிக அபூர்வமாக, உடனடிக் கடும் ஒவ்வாமை வரலாம். உடல் தடித்து, மூச்சு முட்டும். அட்ரினலின் ஊசி கையருகே இருந்தால் காப்பாற்றிவிடலாம். ஆஸ்பத்திரிக்கு லொறி பிடித்து இறங்க ஒரு மணித்தியாலம் ஆகும் தோட்டத்தில், அந்த இருபது நிமிடம் உயிர்க்கணக்கு. மலைக்குத் திரும்பும் அவசரத்தில் அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னும் சில, சுருக்கமாக

*"ஊசி போட்டால் பத்தியம், தலைக்குக் குளிக்கக் கூடாது, கருவாடு ஆகாது."* தடுப்பூசிக்குப் பத்தியம் எதுவும் இல்லை. குளிக்கலாம், சாப்பிடலாம்.

*"கையில் காந்தம் ஒட்டும்."* வியர்வைத் தோலில் ஒரு ரூபாய்க் குற்றியும் ஒட்டும், ஊசி போடாத கையிலும்.

*"சைனா ஊசி, சைனா சாமான் மாதிரி."* சினோபார்ம் ஊசி செயலிழக்கச் செய்த வைரஸால் ஆனது. விசர்நாய்க் கடிக்குப் போடும் ஊசியும் அந்த வகைதான். உலக சுகாதார நிறுவனம் 2021 மே 7இல் அதை அவசரப் பாவனைப் பட்டியலில் சேர்த்தது.

*"இப்ப அந்த நோயெல்லாம் ஏது?"* போலியோ இலங்கையில் கடைசியாகக் கண்டது 1993இல், ஊசியும் சொட்டு மருந்தும் நிறுத்தாததால்தான் அது திரும்பவில்லை. சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக 2019 ஜூலையில் அறிவித்தார்கள். 2023இல் அது மறுபடி வந்தது. ஒரே கூரையின் கீழ் பத்துக் காம்பரா உள்ள லயத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் எத்தனை பிள்ளைக்குப் போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

யாரும் பட்டியலில் சேர்க்காத பக்கவிளைவு

பெரட்டுக்களத்து அக்காவிடம் திரும்புவோம். அன்று மாலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மலடு, காந்தம், சைனா எதுவும் அவர் பேச்சில் வரவில்லை. "ஊசி போடுறதுக்கு நான் மாட்டேன்னு சொல்லல தம்பி. நாளைக்குக் காய்ச்சல் வந்தா பேர் போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்திருந்த ஆண்டு அது. பேர் விழாத நாளில் அந்த ஆயிரம் இல்லை. காய்ச்சல் ஒரு நாள் பக்கவிளைவு என்று டொக்டர் எழுதுவதை, அவர் ஆயிரம் ரூபாய் என்று வாசிக்கிறார். அவர் வாசிப்பில் பிழையில்லை.

இதற்குப் பதில் மருத்துவப் புத்தகத்தில் கிடைக்காது. தோட்டத்து ஆபீசில் கிடைக்கும். ஊசியைச் சனிக்கிழமை வையுங்கள். காய்ச்சல் ஞாயிற்றுக்கிழமையோடு போகட்டும். அது முடியாவிட்டால் மறுநாளுக்குப் பேர் போடுங்கள். ஊசிக்கு முந்திய நாள் பெரட்டிலேயே, கை நோகும், காய்ச்சல் வரலாம், இன்ன அடையாளம் கண்டால் உடனே வாருங்கள் என்று தமிழில் சொல்லுங்கள். கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்லுங்கள்.

அந்த அக்கா ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்குக் காய்ச்சல். பேர் விழவில்லை.